பேசாத பேச்சில் பேர் வாங்கிய வக்கீல்

சட்டம் படிக்கிறவர்கள் சிசரோ பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். இரண்டாயிரம் வருடங்களாக வக்கீல்களின் குலதெய்வம் அவர். ஆனால் குலதெய்வத்தைப் பற்றி பூசாரிகள் வெளியில் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. அவர் எழுதிவைத்த கோர்ட் வாதங்களில் ரொம்பப் பேர்போன இரண்டு, கோர்ட்டில் பேசப்படாதவை. முதல் வழக்கில், அவர் வாயைத் திறந்து முடிப்பதற்குள் எதிராளி ஊரை விட்டே ஓடிவிட்டான். இரண்டாவதில், வாயைத் திறந்தார், ஒழுங்காக வார்த்தை வரவில்லை. இரண்டு தடவையும் மனிதர் வீட்டுக்குப் போய், எதைப் பேசியிருக்கலாமோ அதைச் சாவகாசமாக எழுதி, நகல் எடுத்து ஊருக்கு விநியோகித்தார். நாமும் பக்தியோடு படித்துக்கொண்டிருக்கிறோம்.

ரோமாபுரி கோர்ட் என்றதும் கறுப்புக் கவுன், டவாலி, சுழலாத மின்விசிறி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். ஃபோரம் என்கிற ஊர்நடுச் சதுக்கத்தில், வட்டிக்கடைக்காரர்களின் இரைச்சலுக்கு நடுவே, திறந்தவெளியில் விசாரணை. வேலைவெட்டி இல்லாதவன் எல்லாம் வேடிக்கை பார்க்கலாம், கைதட்டலாம், ஊளையிடலாம். குற்றம் சாட்டப்பட்டவர் எவ்வளவு பெரிய சீமானாக இருந்தாலும் சவரம் செய்யாமல் அழுக்கு உடுப்போடு வந்து நிற்பது மரபு. கூடவே வயதான தாயார், பால்குடி மறக்காத பிள்ளை எல்லாரும் வந்து அழ வேண்டும். அழுகிற பையனிடம் “ஏனப்பா அழுகிறாய்?” என்று வக்கீல் உருக்கமாகக் கேட்க, வாத்தியார் கிள்ளுகிறார் என்று அவன் உள்ளதைச் சொல்லிவிட்டானாம். குவின்டிலியன் என்ற பேச்சுக்கலை ஆசான் மெனக்கெட்டு இதை எழுதிவைத்திருக்கிறார். மார்க்கஸ் அன்டோனியஸ் என்று ஒரு சீனியர் இருந்தார். ஊழல் வழக்கில் மாட்டிய கிழட்டுத் தளபதி ஒருவருக்காக ஆஜராகி, பேச்சின் உச்சத்தில் அவர் சட்டையைக் கிழித்து நெஞ்சிலிருந்த போர்த் தழும்புகளைக் காட்டினார். ஊழல் நடந்ததா இல்லையா என்ற கேள்வி அத்தோடு காணாமல்போனது, விடுதலை. இந்த அன்டோனியஸின் பேரன் இந்தக் கதையின் கடைசியில் வருவான். நல்ல காரியத்துக்கு அல்ல.

சிசரோவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வழக்கில் கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு முடிவுரை பேசி ஃபோரம் முழுக்க ஒப்பாரி கிளப்பியதாக அவரே பெருமையாக எழுதுகிறார். இன்னொரு வழக்கில் ஜூரிகளின் கண்ணில் மண்ணைத் தூவியதாகவும் பீற்றிக்கொண்டாராம். கட்சிக்காரர் உள்ளே போகாமல் வெளியே வந்துவிட்டார் என்றால் வக்கீலுக்கு இந்த அளவு வாய் நீளத்தான் செய்யும்.

ஃபீஸ்? கி.மு. 204இல் வந்த கின்சியச் சட்டப்படி வக்கீல் ஃபீஸ் வாங்குவது குற்றம். ஆகவே ரோமில் ஒரு வக்கீலும் ஃபீஸ் வாங்கவில்லை. கடன் வாங்கினார்கள். உயிலில் பங்கு வாங்கினார்கள். சிசரோவுக்குப் பலட்டைன் குன்றில், அதாவது நகரத்தின் ஆகப் பெரிய இடத்தில், 35 லட்சம் செஸ்டர்ஸ் நாணயத்துக்கு ஒரு வீடு கண்ணில் பட்டது. கையில் காசில்லை. அந்தச் சமயத்தில் வழக்கில் சிக்கியிருந்த பூப்ளியஸ் சுல்லா என்பவரிடம் சத்தமில்லாமல் 20 லட்சம் “கடன்” வாங்கினார். விஷயம் வெளியே கசிந்ததும், கடனும் வாங்கவில்லை, வீடும் வாங்கப் போவதில்லை என்று சாதித்தார். பிறகு வீட்டை வாங்கினார். அன்றைக்கு அப்படிச் சொன்னீரே என்று செனட்டில் கேட்டவர்களிடம் சிரித்துக்கொண்டே, ஒரு சொத்தை வாங்க நினைக்கிற புத்திசாலி அதை வாங்கப் போவதில்லை என்றுதான் சொல்வான், இல்லாவிட்டால் போட்டிக்கு ஆள் வந்துவிடுமே என்றாராம். சுல்லா வழக்கு என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். சிசரோ ஆஜரானார், சுல்லா விடுதலையானார்.

இது பின்னால் நடந்தது. ஆரம்பத்தில் அவர் அர்பினம் என்ற சிற்றூரிலிருந்து வந்த ஒல்லிக்குச்சிப் பையன். கழுத்து மெலிவு, வயிற்றுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது, பேச ஆரம்பித்தால் கத்துவார். இப்படியே கத்தினால் ஆயுசு குறையும் என்று வைத்தியர்கள் பயமுறுத்த, ஏதென்ஸ், ஆசியா மைனர், ரோட்ஸ் தீவு என்று சுமார் இரண்டு வருஷம் சுற்றினார். ரோட்ஸில் மோலோன் என்ற ஆசானிடம் கத்தாமல் பேசக் கற்றுக்கொண்டு திரும்பினார். நாடக நடிகர் ரோஷியஸிடம் அபிநயம் பார்த்துக்கொண்டார். இத்தனைக்கும் பிறகு, எழுந்து நின்றதும் கைகால் உதறுவது மட்டும் கடைசிவரை போகவில்லை.

கி.மு. 75இல் சிசிலித் தீவில் நிதி அதிகாரியாக ஒரு வருஷம் வேலை. ரோமில் தானியப் பஞ்சம். இவர் கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்பினார். ரோமே தன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கும் என்று நெஞ்சை நிமிர்த்தியபடி பூட்டியோலித் துறைமுகத்தில் வந்து இறங்கினார். பணக்காரர்கள் வெந்நீர் ஊற்றுக்கு வருகிற இடம் அது. தெரிந்தவர் ஒருவர் வந்து, ரோமிலிருந்து எப்போது கிளம்பினீர், அங்கே என்ன விசேஷம் என்று விசாரித்தார். ஐயா, நான் என் மாகாணத்திலிருந்து வருகிறேன் என்றார் சிசரோ. ஓ, ஆப்பிரிக்காதானே என்றார் அவர். இல்லை, சிசிலி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்ல, எல்லாம் தெரிந்த இன்னொருவர் குறுக்கே வந்து, இவர் சிராகூஸில் அல்லவா இருந்தார், உமக்குத் தெரியாதா என்று திருத்தினார். அதுவும் தப்பு, இவர் இருந்தது தீவின் அந்தக் கோடியில், லிலிபேயத்தில். சிசரோ சண்டை பிடிக்காமல் தானும் வெந்நீரில் குளிக்க வந்தவர்போல் கூட்டத்தில் கலந்துவிட்டார். ஜனங்களுக்குக் காது மந்தம், கண் கூர்மை. அதனால் இனித் தினமும் அவர்கள் கண்ணில் படும்படி நிற்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்ததாக எழுதுகிறார். வாதத் திறமை பற்றி அவர் எழுதிய தடித்தடிப் புத்தகங்கள் எல்லாவற்றையும்விட இந்த வெந்நீர்த் துறைக் கதையில் சரக்கு அதிகம்.

அந்தச் சிசிலிக்கு கி.மு. 73இல் கவர்னராகப் போனவன் கையஸ் வெர்ரஸ். மூன்று வருஷம் இருந்தான். கோயில் சிலை, சாப்பாட்டு மேசை வெள்ளித்தட்டு, விதைநெல் மாதிரி வைத்திருந்த கோதுமை, எதையும் விடவில்லை. மெசானாவில் ஹேயஸ் என்ற பெரிய மனிதரின் வீட்டுப் பூசையறையிலிருந்து கிரேக்கச் சிற்பி பிராக்ஸிட்டலீஸ் செதுக்கிய மன்மதன் சிலையைக் கொண்டுபோனான். திருட்டு இல்லை, கிரயம் என்றான். கணக்கில் காட்டிய விலை 1,600 செஸ்டர்ஸ். அக்ரிஜென்டம் ஊரில் ஹெர்குலிஸ் சிலையை ராத்திரியில் பெயர்க்க அடியாள் அனுப்பினான். ஜனங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து விரட்டியடித்தார்கள். வெர்ரஸ் என்றால் லத்தீனில் ஆண்பன்றி. காட்டுப்பன்றியை அடக்கியது ஹெர்குலிஸின் சாகசங்களில் ஒன்று அல்லவா, அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று சிசிலிக்காரர்கள் சிரித்தார்களாம். அடிபட்ட ஊர்க்காரனின் நகைச்சுவைக்கு ஈடு கிடையாது.

வெர்ரஸ் ஒளிவுமறைவு இல்லாத ஆள். மூன்று வருஷ வருமானத்தில் முதல் வருஷத்தது எனக்கு, இரண்டாம் வருஷத்தது என் வக்கீல்களுக்கு, விளைச்சல் அதிகமான மூன்றாம் வருஷத்தது முழுவதும் ஜட்ஜுகளுக்கு என்று அவனே சொன்னதாகச் சிசரோ குற்றம்சாட்டினார். ஜூரியில் உட்காருகிறவர்கள் அப்போது செனட்டர்கள் மட்டும். வெர்ரஸும் செனட்டர். நாளைக்குத் தாங்களும் ஒரு மாகாணத்துக்குப் போய் நாலு காசு பார்க்க வேண்டியவர்கள்.

அவன் வக்கீல் குயின்டஸ் ஹோர்டென்சியஸ். ரோமின் நம்பர் ஒன். ஒரு நாள் முழுக்க ஏலம் நடந்த இடத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் ஒவ்வொரு பொருளையும் விலையையும் வாங்கியவன் பெயரையும் வரிசை மாறாமல் ஒப்பித்த ஞாபகசக்திக்காரர். டோகா என்ற மேலாடையை மடிப்பு மடிப்பாகக் கட்டிக்கொள்வார். இடுக்கான இடத்தில் இடித்து மடிப்பைக் கலைத்துவிட்டதாக சக அதிகாரி மேல் வழக்கே போட்டார் என்று ஒரு கதை. கையசைவுகளைப் பார்த்து நாட்டியக்காரி என்று எதிர்த்தரப்பு கேலி செய்தது. வளர்த்த மீன் செத்ததற்கு அழுதவர், தோட்டத்து மரத்துக்கு ஒயின் ஊற்றியவர். இவ்வளவு நளினத்துக்கும் கீழே அவருடைய அசல் ஆயுதம் ஒன்று இருந்தது. நம்மூர் கோர்ட் வாசலில் நின்ற எவருக்கும் அது தெரியும்: வாய்தா.

கணக்கு இதுதான். வருஷம் கி.மு. 70. ஜூலைத் தேர்தலில் அடுத்த வருஷக் கான்சலாக, அதாவது ரோமின் தலைமைப் பதவிக்கு, ஹோர்டென்சியஸே ஜெயித்தாயிற்று. கூடவே ஜெயித்த இன்னொரு கான்சல், வெர்ரஸின் ஆதரவாளரான மெட்டெல்லஸ். அவருடைய ஒரு தம்பிக்கு அடுத்த வருஷம் இதே லஞ்ச வழக்குக் கோர்ட்டின் தலைமை நாற்காலி. இன்னொரு தம்பி சிசிலியின் புதுக் கவர்னர்; சாட்சிகளை மிரட்டுவது அவர் இலாகா. ஆகஸ்ட் 16இல் தளபதி பாம்பி நடத்தும் விளையாட்டு விழா, 15 நாள். அது முடிந்தால் ரோமானிய விழா, அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு விழா. எப்படியாவது இழுத்து வருஷத்தைத் தாண்டிவிட்டால் போதும். தேர்தல் முடிவு வந்த அன்றே க்யூரியோ என்ற பெரியவர் வெர்ரஸைக் கட்டிக்கொண்டு, இன்றைய தேர்தலில் உனக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று தெருவிலேயே வாழ்த்துச் சொன்னார்.

சிசரோவைத் தடுக்க முதலில் வெர்ரஸிடம் வேலை பார்த்த கேசிலியஸ் என்பவனையே, நான்தான் வாதியாக வழக்கு நடத்துவேன் என்று கிளப்பிவிட்டார்கள். அவனை ஒரே பேச்சில் சிசரோ காலிசெய்தார். சாட்சியம் திரட்ட 110 நாள் கேட்டு வாங்கினார். உடனே வேறொரு மாகாண வழக்கில் 108 நாள் கேட்டு இன்னொருவன் முளைத்தான். இரண்டு நாள் முன்னால் வந்து கோர்ட்டை அடைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அந்த ஆள் சாட்சி தேடி இத்தாலியைவிட்டு வெளியே காலே வைக்கவில்லை. சிசரோ 50 நாளில் சிசிலியைச் சல்லடை போட்டுவிட்டு வந்து நின்றார்.

அங்கே அவருக்குச் சிக்கியதில் எனக்குப் பிடித்தது சிராகூஸில் வரிவசூல் கம்பெனியின் பேரேடு. வட்டிக்குப் பணம் போட்டு எடுத்ததாக கையஸ் வெர்ரூகியஸ் என்று ஒரு பெயர், பக்கத்துக்குப் பக்கம். பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் பெயரின் முன்பாதி பளிச்சென்று இருக்கிறது. பின்பாதி மட்டும் சுரண்டித் திருத்தி எழுதியது. யாரய்யா இந்த வெர்ரூகியஸ், எங்கே குடியிருக்கிறார் என்று கம்பெனிக்காரனைக் கேட்டார். கம்பெனிக்காரன் நெளிந்தான். சிசரோ பேரேட்டை அடித்தல் திருத்தலோடு அச்சு அசலாகப் படியெடுக்க வைத்தார். பன்றியின் வால் மட்டும் சேற்றில் முங்கிக்கிடக்கிறது என்று அதைப் பிற்பாடு வர்ணித்தார். பாருங்கள், வாதத்தில் உபமானம் எங்கே வர வேண்டும் என்பதற்கு இதுதான் பாடம்: ஆவணத்தைக் கையில் வாங்கின பிறகு.

ஆகஸ்ட் 5. வழக்கு ஆரம்பம். வழக்கப்படி வாதித் தரப்பு நாள்கணக்கில் முழங்க வேண்டும், பிரதிவாதி பதிலுக்கு முழங்க வேண்டும், அதன்பிறகுதான் சாட்சிகள். ஹோர்டென்சியஸ் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். சிசரோ எழுந்தார். சுருக்கமாகப் பேசினார். அதிலும் பெரும்பகுதி, என்னென்ன தேதிக்கு இழுக்கப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும் என்ற பட்டியல்தான். கூடவே ஜூரிகளைப் பார்த்து, இவனையும் விட்டால் உங்கள் வர்க்கத்தின் கையில் இனி இந்த நாற்காலி இருக்காது என்று ஒரு மரியாதையான மிரட்டல். அவ்வளவுதான். கூப்பிடு முதல் சாட்சியை என்றார். ஒன்பது நாள், கொள்ளையில் பறிகொடுத்தவர்கள் வரிசையாக வந்து தங்கள் கதையைத் தங்கள் வாயால் சொன்னார்கள். ஊரிலுள்ள பேச்சாளர்களில் மிகப் பெரியவர் ஆகப் பெரிய வழக்கில் செய்த காரியம், வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பேசவிட்டது.

ஹோர்டென்சியஸிடம் பதில் சொல்ல ஒரு பேச்சே இல்லை. எதற்குப் பதில் சொல்வது? ஒரு கட்டத்தில் சிசரோ பூடகமாக ஏதோ குத்த, எனக்கு விடுகதை அவிழ்க்கத் தெரியாதே என்றார். வீட்டிலேயே ஸ்ஃபிங்ஸ் வைத்திருக்கிறவருக்கா தெரியாது என்று சிசரோ திருப்பிக் கொடுத்தார். விடுகதை போடுகிற அந்த ஸ்ஃபிங்ஸ் சிலை, வெர்ரஸ் வக்கீலுக்குக் கொடுத்த அன்பளிப்பு. ஃபீஸ் இல்லை, அன்பளிப்பு.

தீர்ப்புக்குக் காத்திராமல் வெர்ரஸ் மூட்டை கட்டினான். மசிலியாவுக்கு, அதாவது இன்றைய பிரான்ஸின் மார்சேய்க்கு, சிலைகளோடு போய்ச் சேர்ந்தான். மாதக்கணக்கில் தயாரித்த பேச்சு கையோடு நின்றுவிட்டது. விடுவாரா? ஐந்து பாகமாக எழுதி வெளியிட்டார், வெர்ரஸ் எதிரே உட்கார்ந்து நெளிவதுபோலவே பாவித்து. சிசிலிக்காரர்கள் கேட்டது 4 கோடி செஸ்டர்ஸ். கிடைத்தது அதில் சொற்பம். தொகையைக் குறைக்கச் சிசரோ காசு வாங்கினார் என்றுகூட ஊர் பேசியதாக வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். சிசிலிக்காரர்கள் நன்றியோடு அனுப்பிய சரக்கையெல்லாம் சிசரோ விலைவாசி குறைக்கச் செலவிட்டதாகவும் அதே புளூட்டார்க்தான் எழுதுகிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர் நிஜமாகவே பேசிக் கலக்கிய நாளும் உண்டு. கி.மு. 56 ஏப்ரல் 4. ஊரே திருவிழாவில் நாடகம் பார்க்கப் போய்விட்டது. கலவர வழக்குக் கோர்ட்டுக்கு மட்டும் லீவு கிடையாது. கேலியஸ் என்ற மைனர் மேல் அலெக்சாந்திரியாத் தூதர் கொலை, கலவரம், விஷம் என்று ஒரு மூட்டைக் குற்றச்சாட்டு. விஷம் வைக்கப் பார்த்தான் என்று சொன்னவர் அவனுடைய பழைய காதலி க்ளோடியா. அவளுடைய சகோதரன் க்ளோடியஸ் சிசரோவை நாடுகடத்தி, கடனில் வாங்கிய அந்தப் பலட்டைன் வீட்டை இடித்துத் தள்ளியவன். நாடகத்தைத் தவறவிட்ட ஜூரிகளுக்குக் கோர்ட்டிலேயே நாடகம் போட்டார் சிசரோ. க்ளோடியாவின் வம்சத்துப் பாட்டன், இருநூற்றைம்பது வருஷம் முந்தைய குருட்டு அப்பியஸ் அவருக்குள் சாமி வந்ததுபோல் இறங்கினார். ஊருக்குத் தண்ணீர்க் கால்வாய் கொண்டுவந்ததும், அப்பியன் சாலை போட்டதும் அந்தப் பாட்டன். அடியே, நான் வெட்டின வாய்க்கால் நீ அசிங்கம் கழுவவா, நான் போட்ட ரோடு நீ அடுத்தவள் புருஷனோடு சவாரி போகவா என்கிற ரீதியில் கொள்ளுப்பேத்தியை வறுத்தெடுத்தார். பேச்சுவாக்கில் அவள் புருஷன் என்று சகோதரனைக் குறிப்பிட்டுவிட்டு, மன்னிக்க வேண்டும், எப்போதும் இந்த இடத்தில் எனக்கு நாக்கு தவறுகிறது என்றார். பொது குளியல் அறையில் விஷச் சிமிழைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒளிந்திருந்த சாட்சிகளை, தொட்டிக்குள்ளா ஒளிந்தீர்கள், செருப்போடா, டோகாவோடா என்று விசாரித்தார். ஜூரி சிரித்தது. கேலியஸ் விடுதலை. அலெக்சாந்திரியாத் தூதரைக் கொன்றது யார் என்ற கேள்வி சிரிப்பில் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பெண்ணின் மானத்தை ஏலம் போட்டு வாங்கிய வெற்றி. சாமர்த்தியம் அபாரம், தர்மம் எட்டிப்பார்க்கவில்லை. இன்றுவரை வக்கீல்கள் சிலர் சாட்சிக் கூண்டில் ஏறும் பெண்களிடம் இதே வித்தையைத்தான், சிரிப்பு மட்டும் இல்லாமல், காட்டுகிறார்கள்.

அந்தச் சகோதரன் க்ளோடியஸ் கி.மு. 52 ஜனவரியில் செத்தான். பாட்டன் போட்ட அதே அப்பியன் சாலையில், மைலோ என்ற எதிரியின் அடியாட்களோடு மோதி. அவனுடைய ஆட்கள் பிணத்தைச் செனட் மண்டபத்தில் வைத்துக் கொளுத்த, மண்டபமும் சேர்ந்து எரிந்தது. ஊரை அடக்கப் பாம்பியைத் தனிக் கான்சலாக்கினார்கள். புதுச் சட்டம் வந்தது: சாட்சிகளுக்கு மூன்று நாள், வாதத்துக்கு ஒரே நாள், வாதிக்கு இரண்டு மணி, பிரதிவாதிக்கு மூன்று மணி. வாய்தா, விழா எதுவும் எடுபடாது. ஃபோரத்தைச் சுற்றிப் பட்டாளம். வழக்கில் மாட்டிய மைலோவுக்காகப் பேச சிசரோ மட்டும். உள்ளே க்ளோடியஸ் ஆட்களின் கூச்சல், வெளியே வாள் பளபளப்பு. சிசரோ எழுந்தார். அந்தப் பழைய உதறல் இந்தத் தடவை போகவேயில்லை. கைக்குழந்தை கிடையாது, பாட்டன் சாமி வரவில்லை. கட்சிக்காரன் மைலோ அழுக்கு உடுப்பும் போடவில்லை, அழவுமில்லை. வக்கீல்தான் அழுகிற நிலைமை. 38 பேர் குற்றவாளி என்றார்கள், 13 பேர் இல்லை என்றார்கள். மைலோவும் மூட்டை கட்டினான். எந்த ஊருக்கு? மசிலியாவுக்கு. சிசரோ ஜெயித்தாலும் தோற்றாலும் டிக்கெட் அந்த ஊருக்குத்தான்.

சிசரோ வீட்டில் உட்கார்ந்து, பயமில்லாமல், மணிக்கணக்குத் தொந்தரவில்லாமல், அந்த வாதத்தை அற்புதமாக எழுதி மைலோவுக்கு ஒரு பிரதி அனுப்பினார். மைலோ பதில் போட்டான்: நல்லவேளை நீர் இதைக் கோர்ட்டில் பேசவில்லை, பேசியிருந்தால் இந்த மசிலியா மீனைச் சாப்பிடும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது என்று.

அதே ஊரில் 27 வருஷம் மீன் சாப்பிட்ட வெர்ரஸை கி.மு. 43இல் சாவு தேடி வந்தது. மார்க் ஆண்டனி அவனிடமிருந்த கொரிந்திய வெண்கலப் பாத்திரங்களைக் கேட்டான், வெர்ரஸ் தர மறுத்தான், பெயர் கொலைப் பட்டியலில் ஏறியது என்று பிளினி எழுதுகிறார். அந்தப் பட்டியலில் சிசரோவின் பெயரும் இருந்தது. ஆண்டனிதான் சட்டையைக் கிழித்த சீனியரின் பேரன். டிசம்பர் 7ஆம் தேதி சிசரோவின் தலை போயிற்று. ஆண்டனியை ஏசி எழுதிய கையும் போயிற்று. இரண்டையும் அவர் பேசுகிற மேடையிலேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

மைலோவுக்காக அவர் நிஜமாகவே பேசித் திணறியதைச் சுருக்கெழுத்தில் எடுத்த பிரதி ஒன்று நூறு வருஷம் கழித்தும் ரோமில் புழக்கத்தில் இருந்தது. அது தொலைந்துவிட்டது. பேசாததுதான் கிடைக்கிறது.